பரணில் கிடக்கும் பேஸ் கிட்டார்களுக்காக
மலையக இசைக்குழுப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

டிக்கோயா, ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்துத் தோட்டங்களில் இசைக்குழு நடத்தும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

போன மாதம் உங்களில் ஒருவர் என் வீட்டு இஸ்தோப்பில் ஒரு பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்து வைத்தார். உரச் சாக்கில் சுற்றியிருந்தது. அவருடைய தாத்தா வாசித்தது. "சத்தமே வரல மாமா, அதான் புதுசு போட்டுப் பார்த்தேன்" என்றார். கொழும்பிலிருந்து புது பிக்கப் ஒன்றை வரவழைத்திருக்கிறார். அது பழைய குழிக்குள் இறங்கவில்லை. உளியை எடுத்துக் குழியை அகலமாக வெட்டியிருக்கிறார். வெட்டிய பிறகும் காந்தங்கள் கம்பிகளுக்கு நேரே வந்து உட்காரவில்லை. பழைய பிக்கப் எங்கே தம்பி என்று கேட்டேன். உள்ளே செம்புக் கம்பி இருந்ததால் பழைய இரும்பு வாங்குகிறவர் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. பொறுமையான, கைத்திறன் உள்ள பிள்ளை. உளி பிடித்த வெட்டிலேயே அது தெரிந்தது. அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போனதுதான் குறை. சொல்லத் தெரிந்த நான் இதே ஊரில் சும்மா இருந்திருக்கிறேன். அந்த உறுத்தலில்தான் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் பிக்கப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதிகமாகத் தூக்கிப் போடுவது அதைத்தான். பிக்கப் என்றால் காந்தமும், அதைச் சுற்றித் தலைமயிர் கனத்தில் ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய செம்புக் கம்பியும்தான். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது, செம்புச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. தேய்ந்துபோவதற்கு உள்ளே எதுவும் இல்லை. ஐம்பது வருடப் பிக்கப் சாகிறது என்றால் பெரும்பாலும் ஒரே காரணம்: அந்த மெல்லிய கம்பி எங்கோ ஓர் இடத்தில் அறுந்திருக்கிறது. நான் திறந்து பார்த்தவற்றில் பாதிக்கு மேல் சுருளின் வெளிமுனையில், தடித்த வயரோடு ஈயம் வைத்த இடத்தில்தான் அறுந்திருந்தது. நம் ஊர் ஈரத்தில் அந்த மூட்டுப் பச்சை பிடித்து அரித்துப் போகும். முனையைத் தேடிப் பிடித்து, ஒரு சுற்றை மெதுவாக அவிழ்த்து, மேலே பூசியிருக்கும் அரக்கைச் சுரண்டி, மறுபடி ஒரு பொட்டு ஈயம் வைத்தால் போதும். பத்து நிமிட வேலை.

அதற்கும் முன்னால், பிக்கப் உண்மையிலேயே செத்ததா என்று பார்க்க வேண்டாமா? மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் அதன் இரண்டு வயரிலும் வையுங்கள். 5 முதல் 10 கிலோ ஓம் வரை ஏதாவது காட்டினால் அது உயிரோடு இருக்கிறது. பழுது வேறெங்கோ. முதலில் அம்ப், அடுத்தது வயர், அதற்கடுத்தது ஜாக் குத்துகிற இடம், பிறகு வொலியூம் கொன்ட்ரோல், கடைசியில்தான் பிக்கப். இந்த வரிசையில் போங்கள். ஜாக்கின் நட்டு தளர்ந்து, குத்தும்போதெல்லாம் உள்ளே சுழன்று, வயர் முறுகி அறுந்த கிட்டார்கள்தான் என்னிடம் அதிகம் வந்திருக்கின்றன. திருப்பினால் கரகரக்கும் வொலியூமுக்குத் தேங்காயெண்ணெயோ மண்ணெண்ணெயோ விடாதீர்கள். தொடுப்புகளைத் துப்புரவாக்குவதற்கென்றே குப்பியில் வரும் ஸ்ப்ரே ஹட்டனில் வானொலி திருத்துகிறவர்களிடம் இருக்கும். இரண்டு முறை அடித்து, இருபது முறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நான் தேயிலை ஸ்டோரில் மின்சார வேலை செய்து ஓய்வு பெற்றவன். நீங்கள் பிறந்து வளர்ந்த தோட்டங்களின் ஸ்டோர்களுக்குள் போய்ப் பார்த்திருக்கிறீர்கள்தானே? கொழுந்து அரைக்கிற ஜாக்சன் ரோலர்கள் இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோவில் வார்க்கப்பட்டவை. சிரொக்கோ டிரையர்கள் பெல்ஃபாஸ்டில் டேவிட்சன் கம்பனி செய்தவை. அந்த டேவிட்சனும் இந்தியாவில் தேயிலைத் தோட்டம் பார்த்தவர்தான். 1881இல் பெல்ஃபாஸ்டில் பட்டறை போட்டார். அப்படிப்பட்ட பழைய இயந்திரங்கள் நம் மலையில் இத்தனை காலம் ஓடியது எதனால்? உதிரிப் பாகம் கப்பலில் வரும் என்று காத்திருந்தால் கொழுந்து கருகிவிடும் என்பதால், நம்முடைய தாத்தாமாரும் அப்பாமாரும் பித்தளையைக் கடைந்து புஷ் போட்டார்கள், பல்சக்கரத்துக்குப் பல் வைத்தார்கள், எரிந்த விசிறி மோட்டாரின் கம்பியை அவிழ்த்துச் சுற்றை எண்ணி எழுதி, அதே எண்ணிக்கையில் மறுபடி சுற்றினார்கள். மோட்டார் சுற்றத் தெரிந்த கைக்குப் பிக்கப் சுற்றுவது என்ன பெரிய காரியம்? கம்பி மெல்லியது, அவ்வளவுதான். அந்தக் கைகள் இன்றும் உங்கள் லயத்தில், உங்கள் காம்பராவிலேயே இருக்கின்றன. பெரியப்பாவிடம் நீங்கள் கேட்கவில்லை. கேளுங்கள்.

என்னுடைய பேஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் என் தவறும் இருக்கிறது.

1978ஆம் வருடம், எனக்குப் பதினேழு வயது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போகப் பெயர் விழுந்த குடும்பங்கள் இன்னமும் ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போய்க்கொண்டிருந்த காலம். பக்கத்து டிவிஷனில் பேஸ் வாசித்த ஓர் அண்ணனுடைய குடும்பத்துக்கும் நாள் வந்தது. வழிச்செலவுக்குக் காசு தேவைப்பட்டது. 1977 வரைக்கும் இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்ததால் அப்படி ஒரு வாத்தியம் இந்தப் பக்கத்தில் கண்ணில் படுவதே அபூர்வம். என் அப்பா சீட்டுப் பணத்தை எடுத்து அதை வாங்கித் தந்தார். அந்த அண்ணன் கடைசியாக ஒருமுறை நாலு கம்பியையும் சுருதி கூட்டிவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். கோத்தகிரிப் பக்கம் இருப்பதாக ஒரு கடிதம் வந்தது. பிறகு கடிதமும் இல்லை.

ஜப்பானில் செய்த பேஸ். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 30 அங்குலம். 1960களில் டெய்ஸ்கோ போன்ற ஜப்பானியத் தொழிற்சாலைகள் செய்த கிட்டார்கள் உலகமெல்லாம் வெவ்வேறு பெயர்களில் விற்றன. என்னுடையதன் தலையிலும் ஒரு பெயர் எழுதியிருந்தது. வாங்கிய இரண்டாம் வருடம் எனக்கு அதைக் கறுப்பாக்க ஆசை வந்தது. உடைந்த கண்ணாடித் துண்டால் சிவப்புப் பெயின்டை முழுக்கச் சுரண்டினேன். தலையில் இருந்த பெயரும் அதோடு போனது. இன்று அந்தப் பேஸ் எந்தப் பட்டறையில் பிறந்தது என்று சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. அந்த அண்ணன் வாசித்த சிவப்புப் பேஸை அடையாளம் காட்ட அவரே திரும்பி வந்தாலும் முடியாது. அதைச் செய்தது என் கை.

பிறகு ஒருமுறை கொழும்பில் ஒரு கடையில் திருத்தக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது தலையில் இருந்த சாவிகள் வேறாக இருந்தன. கனமான, நன்றாகப் பிடிக்கிற பழைய சாவிகள் போய், சுருதி நிற்காத இலேசான சாவிகள் வந்திருந்தன. கேட்டதற்கு, இதுதான் நீங்கள் கொடுத்தது என்றார்கள். என்னிடம் படமும் இல்லை, குறிப்பும் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்: எதையும் யாரிடமும் கொடுக்கும் முன் கழற்றிய நிலையில் போனில் படம் எடுத்து வையுங்கள். எனக்கு இல்லாத போன் உங்களிடம் இருக்கிறது.

"இந்தப் பழசோடு ஏன் மாரடிக்க வேண்டும், கீபோர்டிலேயே பேஸ் வருகிறதே" என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். கோயில் கமிட்டிகளும் அப்படித்தான் நினைக்கின்றன. ஓர் ஆளுக்குச் சம்பளமும் வேனில் ஓர் இடமும் மிச்சம். திருவிழா மேடைகளில் இன்று கீபோர்டும் ரிதம் பேடும் வைத்து முழு நிகழ்ச்சியையும் முடித்துவிடுகிறார்கள். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நீங்கள் மேடையில் பாடுகிற பாட்டுகளை ஒருமுறை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். இளையராஜாவின் பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸைத் தனியாகப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். பாடகர் மேலே ஒரு ராகத்தில் போக, கீழே இன்னொரு பாட்டு நடந்துகொண்டிருக்கும். ரஹ்மானுக்கு கீத் பீட்டர்ஸ் வாசித்ததும் அப்படித்தான். எங்கள் காலத்துச் சின்ன வானொலிப் பெட்டியில் அந்தக் கீழ்ச்சத்தம் சரியாகக் கேட்காது. ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் பெரிய ஸ்பீக்கரோடு ஒரு கேசட் செட் வந்த அன்றுதான், இவ்வளவு நாளும் பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறோம் என்பது எனக்குத் தெரிந்தது. அதைக் கீபோர்டின் இடது கையில் தொடுவது வேறு. விரல் கம்பியை இழுத்து, விட்டு, அமத்தி, தப்பு அடிக்கிறவர் அடியோடு ஒட்டிப் போவது வேறு. தப்பிலும் காமன் கூத்திலும் வளர்ந்த உடம்புக்கு இது சொல்லாமலே புரியும். சிங்களப் பாட்டுக்கு மின்சார கிட்டாரைக் கொண்டுவந்த கிளாரன்ஸ் விஜேவர்தன 1943இல் பிறந்தது நம் பக்கத்து ஹப்புத்தளையில். மலைக்கும் கிட்டாருக்கும் தூரமில்லை.

காசு விஷயத்தையும் மறைக்காமல் பேசுவோம். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு மேலே போனதை உங்கள் வீட்டுச் சமையலறையே சொல்லும். புது பேஸின் விலையும் ஒரு செட் கம்பியின் விலையும் அதோடு ஏறியவைதான். கொழுந்து பறிக்கிற அம்மாவின் நாட்சம்பளத்தில் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பக்கம் பரணில் ஒரு பேஸ் தூங்குகிறது.

பரண் என்றதும் இன்னொன்று. அடுப்புக்கு மேலே விறகு அடுக்குகிற பரணில் கிட்டாரை வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, ஈரம் பிடிக்காது என்று. தயவுசெய்து இறக்குங்கள். பகலில் சூடு, இரவில் பனி, நடுவில் புகை. பசை இளகி, மரம் வளைந்துவிடும். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை காயப்போட்ட துணி மூன்று நாளாகியும் காயாத ஊர் இது. மரமும் அந்த ஈரத்தைக் குடிக்கத்தான் செய்யும். என்னுடையது போன்ற சிறிய பேஸிலேயே நாலு கம்பியும் சேர்ந்து 60 கிலோ வாக்கில் கழுத்தை இழுக்கின்றன. இருபத்துநாலு மணி நேரமும் ஒரு ஆள் தொங்குவது மாதிரி. மழை தொடங்கினால் கழுத்து முன்னால் வளையும், கம்பி உயரும், விரல் நோகும். உடனே "கழுத்துப் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். பெரும்பாலும் போயிருக்காது. கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அமத்திப் பிடித்து, நடுவே ஏழாவது எட்டாவது ஃபிரெட்டில் இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்ட் நுழைகிற அளவு இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால், கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடின் நட்டைக் கால் சுற்று இறுக்கி, ஒரு நாள் விட்டுவிட்டு, மறுபடி பாருங்கள். மரத்துக்கு அவகாசம் வேண்டும். இறுகிப் போன நட்டை மல்லுக்கட்டித் திருகினால் உள்ளே இருக்கும் கம்பி முறியும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. சில பழைய பேஸ்களில் திருக முடியாத இரும்புச் சட்டம் மட்டுமே இருக்கும். அதில் நட்டைத் தேடி மரத்தைத் தோண்டாதீர்கள். கழுத்து உடலோடு சேரும் பள்ளத்தில் ஒரு மெல்லிய அட்டைத் துண்டு வைத்துக் கோணத்தை மாற்றினாலே கம்பி தாழும்.

பிரிட்ஜை இடம் மாற்றி ஆணி அடித்த ஒரு பேஸும் என்னிடம் வந்தது. அழகாக இருக்கட்டும் என்று ஓர் அங்குலம் பின்னால் தள்ளியிருந்தார்கள். நட்டிலிருந்து 12ஆவது ஃபிரெட் வரை எவ்வளவு தூரமோ, அங்கிருந்து பிரிட்ஜுக்கும் ஏறக்குறைய அவ்வளவு தூரம் இருக்க வேண்டும். 1951இல் லியோ ஃபெண்டர் தன் முதல் பேஸுக்கு "பிரிசிஷன்" என்று பெயர் வைத்ததே, ஃபிரெட் இருப்பதால் சுருதி பிசகாது என்பதற்காகத்தான். ஓர் அங்குலம் போனால் அந்தக் கணக்கு முழுதும் போய்விடும்.

கம்பியைப் பற்றி இரண்டே வார்த்தை. 30 அங்குலப் பேஸுக்கு 34 அங்குலக் கம்பியை வெட்டிப் போட்டால் தடித்த பகுதி சாவியில் சுற்றும்போது பிரிந்து போகும், பார்த்து வாங்குங்கள். மங்கிப்போன கம்பியைக் கொதிதண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, துடைத்து, நன்றாகக் காயவைத்தால் இன்னும் சில திருவிழாவுக்கு ஓடும்.

ஆனால் அடுத்ததை மட்டும் வேகமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். மேடையில் "ஊம்" என்று இரைச்சல் வருகிறது என்று அம்ப் பிளக்கின் ஏர்த் வயரை வெட்டிவிடும் பழக்கம் நம் குழுக்களில் இருக்கிறது. நானே இரண்டு அம்பில் பார்த்துவிட்டேன். பேஸின் இரும்புக் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக, ஜாக் வழியாக, அம்பின் உடலோடு இணைந்திருக்கின்றன. அம்பில் ஒரு கசிவு ஏற்பட்டால் 230 வோல்ட்டும் உங்கள் விரலுக்கு வரும். உதடு மைக்கில் பட்டால் நெஞ்சு வழியாக இறங்கும். 1972இல் வேல்ஸின் சுவான்சீயில் லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் ஆயிரம் பேர் முன்னால் மேடையிலேயே இப்படித்தான் இறந்தார். மழையில் நனைந்த கோயில் முற்றத்தில், ஜெனரேட்டர் மின்சாரத்தில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள் நீங்கள். அந்த இரைச்சலுக்கு மருந்து வேறு. கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா என்று பாருங்கள். எந்த மாற்றமும் இல்லை என்றால் பிரிட்ஜுக்குக் கீழே போகும் ஏர்த் வயர் விட்டிருக்கிறது, அதை ஈயம் வைத்து ஒட்டுங்கள். குறைந்தும் முழுக்கப் போகவில்லை என்றால் பிக்கப் குழிக்குள் செம்புத் தகடு ஒட்டி அதை ஏர்த்தோடு சேருங்கள். வெட்டிய பிளக் எதுவாவது உங்கள் குழுவில் இருந்தால், இந்த மடலை வைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மாற்றமே செய்யக் கூடாது என்கிறேனா? இல்லவே இல்லை. ஜாக்கோ பஸ்டோரியஸ் 1962ஆம் வருடத்து ஃபெண்டர் ஜாஸ் பேஸில் ஃபிரெட்டுகள் இல்லாத கழுத்தில், படகுக்குப் பூசும் எபொக்சியைப் பூசி வாசித்தார். அதற்குப் பிறகு பேஸ் என்ற வாத்தியத்தின் குரலே மாறியது. ஆனால் தனக்கு எந்தச் சத்தம் வேண்டும் என்று தெரிந்து செய்த வேலை அது. வீடியோவில் பார்த்த வேகத்தில் குறடால் ஃபிரெட்டைப் பிடுங்கினால் பலகை சிதறும், சத்தம் வராது. வொலியூமை மாற்றுங்கள், டோனுக்கு வேறு கெப்பாசிட்டர் போட்டுப் பாருங்கள், நல்ல சாவி கிடைத்தால் பழைய துளையிலேயே உட்காருமா என்று பார்த்துப் போடுங்கள். இதெல்லாம் பிடிக்காவிட்டால் பழையபடி வைக்கலாம். உளி, வாள், துளைக்கருவி, சுரண்டுகிற கண்ணாடி ஆகிய நாலையும் மட்டும் கையில் எடுக்கும் முன்பு ஒரு வாரம் பொறுங்கள், இன்னொருவரிடம் காட்டுங்கள்.

பால் மெக்கார்ட்னி 1961இல் ஹம்பர்க்கில் 30 பவுண் வாக்கில் வாங்கிய ஹொஃப்னர் பேஸ் 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருட்டுப் போனது. ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து அது கிடைத்த செய்தி 2024 பெப்ரவரியில் வெளிவந்தது. ஒரு வீட்டுப் பரணில் கிடந்திருக்கிறது. பழுதாகித்தான் கிடந்தது, ஆனால் யாரும் அதன் அடையாளத்தை அழிக்கவில்லை. அதனால் அதுதான் இது என்று நிரூபிக்க முடிந்தது, திருத்தவும் முடிந்தது. நம் அண்ணன்மார் விட்டுப்போன பேஸ்களைத் தேட உலகத்தில் யாரும் ஆள் அனுப்ப மாட்டார்கள். நாம்தான் தேட வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இந்த மழை தொடங்கும் முன் உங்கள் வீட்டுப் பரண், கட்டிலுக்கு அடி, கோயில் சாமான் அறை, வாசக சாலை அலுமாரி எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். பேஸோ கிட்டாரோ எது கிடைத்தாலும் துடைத்து, படம் எடுத்து, யார் வாசித்தது, எப்போது வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு குழுவிலிருந்தும் இரண்டு பேரைத் திருத்த வேலை படிக்க அனுப்புங்கள். அதில் ஒருவராவது தங்கச்சியாக இருக்கட்டும். ஸ்டோரில் ரோலர் ஓட்டியது ஆண்கள் என்பதால் இந்த வேலையும் அவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க நான் வீட்டில்தான் இருக்கிறேன். காசு வேண்டாம். சோல்டரிங் அயன், ஈயம், மல்டிமீட்டர், ஸ்குரூ டிரைவர் எல்லாம் என்னிடம் உண்டு. கண் மட்டும் முன்பு போல இல்லை, மெல்லிய கம்பி முனையைத் தேடிப் பிடிக்க இளம் கண் வேண்டும். அதற்கும்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்.

பெட்டி இல்லாவிட்டால் கம்பளியில் சுற்றிக்கொண்டு வாருங்கள். கழற்றிய திருகாணி, உடைந்த நட், வேலை செய்யாத பிக்கப் எதையும் எறியாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கூடவே கொண்டு வாருங்கள். போன மாதம் வந்த அந்தத் தம்பிக்கு ஒரு வார்த்தை: பழைய இரும்புக்காரர் வெள்ளிக்கிழமைகளில் டிக்கோயா கடைவீதிக்கு வருவார். செம்பை அவர் உடனே உருக்குவதில்லை, சேர்த்து வைத்துத்தான் அனுப்புகிறார். வெள்ளிக்கிழமை காலையில் நீங்கள் வாருங்கள், இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேட்போம்.

அன்புடன்,
பக்கத்து டிவிஷனில் ஒரு காலம் பேஸ் வாசித்தவன்
டிக்கோயா